சரிவு மண் யார் தள்ளியது? சுங்கை சிப்புட் வாசகர்களுக்குப் பதில்

சரிவு மண் இறங்கியதில் பழைய உழவுக்கும் பங்குண்டு என்று போன வாரம் வாசகசாலையில் பேசியதற்கு வந்த சீட்டுகள் இவை.

கேள்வி: சார், தோட்டத்துக்குப் பின்னால் சரிவு படிப்படியாக இருக்கிறது. பழங்கால வயலா?

பதில்: படிக்குள் உருண்ட கூழாங்கல் இருந்தால் அது ஆறு விட்டுப்போன படி. முன்பு அந்த உயரத்தில் ஓடி, பிறகு அறுத்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கும். கல் இல்லாமல் ஒரே அகலத்தில் மலையைச் சுற்றினால், செம்பனை நட புல்டோசர் வெட்டியது.

கேள்வி: ஆற்று மண்ணையும் உழவால் இறங்கிய மண்ணையும் எப்படிப் பிரிப்பது?

பதில்: நல்ல கேள்வி. ஆறு மண்ணைச் சலித்துப் போடும். மணல் ஓர் அடுக்கு, வண்டல் ஓர் அடுக்கு. சரிவிலிருந்து வந்ததில் அந்த நேர்த்தி இருக்காது. களிமண், மணல், முனை மழுங்காத கல் எல்லாம் கலந்து கிடக்கும். நடுவே கரித்துண்டு, ஓட்டுச்சில்லு. அதற்கு அடியில் கறுத்த பட்டை ஓடினால், அது புதைந்துபோன பழைய மேல்மண். நம் தாத்தாக்களைத் துரைமார் கித்தா (ரப்பர்) மரத்தடியில் ஒரு புல் இல்லாமல் சுரண்டச் சொன்னார்கள். வேர் வெளியே தெரிந்தது, ஓடை சிவந்தது. அப்புறம்தான் மண்ணை மூடிக் காக்கும் கொடிப்பயிர் போட்டார்கள். காட்டை எரித்து விதைத்த பழைய உழவர் சரிவிலும் நடந்தது இதேதான். ஆனால் கரியின் வயது மண் இறங்கிய வயது அல்ல. மேலே வெகுகாலம் கிடந்த கரி பிறகு உருண்டு வந்திருக்கலாம்.

கேள்வி: எல்லாம் மழையின் வேலை. உழவனை ஏன் பழிக்கிறீர்கள்?

பதில்: இந்தச் சண்டை பழசு. மத்தியதரைக்கடல் பள்ளத்தாக்குகளில் பின்னாளில் வந்து படிந்த மேல் மண்ணுக்குப் பருவநிலையே காரணம் என்றார் நிலவியல் ஆய்வாளர் விட்டா-ஃபின்சி, 1969-இல். கிரேக்கத்தின் ஆர்கோலிட் பகுதியில் வான் ஆண்டெல் என்ற நிலவியலாளரும் கூட்டாளிகளும் பார்த்தது வேறு: சில இடங்களில் வெண்கலக் காலத்திலேயே மண் இறங்கியிருந்தது, வேறிடங்களில் வெகு பின்னால். வானம் மட்டும் காரணமென்றால் இப்படி ஆளுக்கொரு காலமாக இருக்குமா? கற்சுவர் கட்டிக் காத்தவரை மண் நின்றது. ஊர் காலியாகிச் சுவர் சரிந்ததும் போனது. ஆகவே பழி உழவனுக்கு மட்டும் இல்லை, கைவிட்டவனுக்கும்தான். சுமந்து போனது மழைதான், அதை மறுக்கவில்லை.

கேள்வி: அப்படியென்றால் மழைக்குப் பங்கில்லையா?

பதில்: மேலே கடைசி வரி.

கேள்வி: நம் மலேசியாவில் மண்ணுக்கடியில் போன ஊர் உண்டா?

பதில்: பழைய கோல குபு. மேலே ஈயலம்பங்கள் (ஈயச் சுரங்கங்கள்) கழித்த மண் ஆற்றை நிரப்பிற்று. ஊரை இடம் மாற்றினார்கள். அதுதான் கோல குபு பாரு.

கேள்வி: குகையில் பானை ஓடு கிடைத்தது, தோண்டலாமா?

பதில்: கூடாது. லெங்கோங் தொல்லியல் காட்சியகத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: ஓடைக்கரையில் கரித்துண்டு எடுத்தேன். சரிவுக்கு எத்தனை வயது?

பதில்: இரண்டாவது பதிலைப் படித்துவிட்டுக் கேளுங்கள், தம்பி.