பேரலை மாற்றுவதற்கு முன் கட்டையைக் கழற்றிப் பாருங்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஐயா, என் அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபின் வாங்கிய 30-06 போல்ட் ரைஃபிள் இப்போது என்னிடம் இருக்கிறது. லைசென்ஸ் முறைப்படி என் பெயருக்கு வந்துவிட்டது. வேட்டைக்கென்று தயாரித்த துப்பாக்கி, மரக்கட்டை, மெல்லிய பேரல். ரேஞ்சில் 100 மீட்டரில் சுட்டால் முதல் இரண்டு குண்டும் ஒட்டி விழுகின்றன. மூன்றாவதிலிருந்து வலது பக்கமாக மேலே ஏறிக்கொண்டே போகிறது. ஐந்தையும் சேர்த்து அளந்தால் 15 சென்டிமீட்டர். இதை வைத்து 300 மீட்டர் இலக்கு சுட ஆசை. கனமான பேரலும் 24 மடங்கு ஸ்கோப்பும் போட்டால்தான் முடியும் என்கிறார்கள். எதை முதலில் வாங்க வேண்டும்?"

எதையும் வாங்காதீர்கள். உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. முதல் இரண்டு குண்டு ஒட்டி விழுகிறது என்றால் பேரலில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. சூடு ஏறிய பிறகுதான் குண்டு விழும் இடம் நகர்கிறது, அதுவும் ஒரே திசையில் நகர்கிறது. பேரல் தேய்ந்திருந்தால் குண்டுகள் நாலா பக்கமும் சிதறும். இப்படி வரிசை பிடித்து ஒரு பக்கமாக ஏறாது. சூடான பேரல் எதன்மீதோ உரசி நெம்பப்படுகிறது. பெரும்பாலும் அது முன்கட்டையின் (பேரலுக்கு அடியில் முன்னே நீளும் மரப்பகுதி) இடது பக்கமாகவோ அடியிலோ இருக்கும்.

ராணுவத்தில் ஆர்மரராக (துப்பாக்கி பழுதுபார்ப்பவராக) இருந்த காலத்திலும், ஓய்வு பெற்று கம்மவான்பேட்டைப் பக்கம் வந்து குடியேறிய பிறகும் நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான். எங்கள் ஊரை மிலிட்டரிப் பேட்டை என்றே சொல்வார்கள். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர் இல்லாத தெருவே கிடையாது. அவர்கள் வீட்டுத் துப்பாக்கிகளில் இரும்பைவிட மரம்தான் அதிகம் தொல்லை கொடுத்திருக்கிறது. நம் ஊர் வெயிலும் மழையும் அப்படி. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரிக்கு மேல் காயும் கட்டை, ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் குடித்து உப்பும். வீட்டுக் கதவு மழைக்காலத்தில் நிலையில் இறுகிக்கொள்கிறதே, அதே கதைதான். கட்டை அரை மில்லிமீட்டர் அசைந்தாலே போதும், போன மாதம் பார்த்து வைத்த ஜீரோ, அதாவது குறியும் குண்டும் ஒரே இடத்தில் சேரும் சீரமைப்பு, இந்த மாதம் இருக்காது.

முதலில் தோட்டா அறையையும் மேகசினையும் காலி செய்து, கண்ணாலும் விரலாலும் இரண்டு தடவை சரி பாருங்கள். அப்புறம் ஒரு பத்து ரூபாய்த் தாளைப் பேரலுக்கும் முன்கட்டைக்கும் நடுவில் நுழைத்து, முனையிலிருந்து பின்னோக்கி இழுத்துக்கொண்டு வாருங்கள். தாள் எங்கே பிடிக்கிறதோ அங்கேதான் உரசல். சில தயாரிப்பாளர்கள் முன்கட்டையின் முனையில் ஒரு சிறிய மேட்டை வேண்டுமென்றே வைப்பார்கள். பேரலை லேசாக மேலே தாங்கிப் பிடித்தால் முதல் ஒன்றிரண்டு குண்டு நன்றாக விழும் என்பதற்காக. வேட்டைக்கு அது சரி, ஏனென்றால் அங்கே ஐந்தாவது குண்டுக்கு வேலையே இல்லை. இலக்கு சுடுகிறவனுக்கு ஐந்தாவது குண்டும் பத்தாவது குண்டும்தான் கணக்கு.

அடுத்த சோதனை இன்னும் முக்கியமானது. துப்பாக்கியைச் செங்குத்தாக நிறுத்தி, பேரலும் முன்கட்டையின் முனையும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் முன் ஸ்குருவை மெல்லத் தளர்த்துங்கள், பிறகு இறுக்குங்கள். பேரல் கட்டையை விட்டு எழும்புவதும் அமுங்குவதும் விரலுக்குத் தெரிந்தால், இரும்பு மரத்தில் நேராக உட்காரவில்லை என்று பொருள். ஸ்குருவை இறுக்கும்போதே, பேரலின் பின்னால் போல்ட் ஓடும் இரும்புக் கூடான ஆக்‌ஷன் வளைகிறது. இந்த நிலையில் எத்தனை லட்சத்துக்கு ஸ்கோப் வாங்கி மாட்டினாலும் பணம்தான் போகும்.

இதற்கு வைத்தியம் பெட்டிங் (bedding), அதாவது இரும்பு மரத்தில் அசையாமல் உட்காரும்படி படுக்கை அமைப்பது. ஆக்‌ஷனின் அடியில் பின்னுதைப்பைத் தாங்கும் ரீகாயில் லக் என்ற தடித்த பகுதி இருக்கும். அதன் பின்புறமும் அதைச் சுற்றியுள்ள மரமும் எபாக்சி கலவையால் நிரப்பப்பட்டு, இரும்பின் வடிவத்துக்கே அச்சு எடுக்கப்படும். ஸ்குரு போகும் துளைகளில் அலுமினியக் குழாய்த் துண்டுகளைப் பதித்துவிட்டால், எவ்வளவு இறுக்கினாலும் மரம் நசுங்காது. பேரல் ஓடும் பள்ளத்தைச் சீவி, சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். கடைசியாக ஒன்று, இதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். கட்டையின் வெளிப்புறத்துக்குப் பளபளவென்று வார்னிஷ் பூசும் தொழிற்சாலை, உள்பள்ளத்தைப் பூச்சில்லாத வெறும் மரமாகவே விட்டிருக்கும். ஈரம் போகும் வழி அதுதான். கழற்றிய கையோடு உள்ளேயும், பின்னால் ரப்பர் பட்டையின் அடியிலும் இரண்டு மூன்று பூச்சு பாலியூரிதேன் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

"சொல்லுங்கள்" என்றுதான் எழுதுகிறேன், "செய்யுங்கள்" என்று எழுதவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் அதற்கென்று உரிமம் பெற்றவர்தான் கை வைக்கலாம். அதே சட்டத்தில் துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அடங்கும். பேரல் வாங்கி மாட்டுவது கடையில் சைலன்சர் வாங்கி பைக்குக்கு மாட்டுவது போன்ற காரியம் அல்ல. உங்களைப் பேரல் மாற்றச் சொன்னவர் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் தோட்டா நிரப்பும் யோசனையும் வேண்டாம். அது தோட்டா தயாரிப்பு, தனி உரிமம் இல்லாமல் குற்றம்.

வேலை முடிந்து வந்ததும் ஸ்குருக்களை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். கையேடு இருந்தால் அதில் உள்ள அளவே கடைசி வார்த்தை. இல்லாவிட்டால் வெறும் மரக்கட்டைக்கு 4 முதல் 5 நியூட்டன் மீட்டர் போதும், அலுமினியத் துண்டு பதித்திருந்தால் 7 வரை போகலாம். மூன்று ஸ்குரு உள்ள மாடலாக இருந்தால் நடு ஸ்குருவைப் பிடிமானத்துக்கு மட்டும் திருகி விட்டுவிடுங்கள், அதை இறுக்கினால் ஆக்‌ஷன் வில்லாக வளையும்.

பேரல் முனையையும் ஒரு பார்வை பாருங்கள். குண்டு கடைசியாகத் தொடும் இடம் அந்த விளிம்பு. காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே விளிம்பின்மீது இழுத்தால், பஞ்சு எங்கேயாவது சிக்குகிறதா? சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது, அதைச் சரிசெய்வது சின்ன வேலை. சுத்தம் செய்யும் கம்பியை முனை வழியாக விடாமல் எப்போதும் பின்பக்கத்திலிருந்தே விடுங்கள்.

விசையை (டிரிகர்) பற்றி: வேட்டைத் துப்பாக்கியில் இரண்டு கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கும். ஒன்றரைக் கிலோவுக்குக் கொண்டு வந்தால் போதும். சர்வதேச 300 மீட்டர் ஸ்டாண்டர்ட் ரைஃபிள் போட்டியிலேயே விசையின் குறைந்தபட்ச எடை 1500 கிராம்தான். அதற்குக் கீழே ஆசைப்படாதீர்கள். எடை குறைத்த பிறகு, காலித் துப்பாக்கியில் போல்ட்டை வேகமாக அடித்து மூடியும், கட்டையின் பின்பகுதியை ரப்பர் விரிப்பில் தட்டியும் விசை தானாக விழவில்லை என்று பழுதுபார்ப்பவர் உங்கள் கண் முன்னே காட்ட வேண்டும்.

இப்போது ஸ்கோப். 24 மடங்கு தேவையே இல்லை. 300 மீட்டர் காகித இலக்குக்கு 10 மடங்கு தாராளம். பகல் பத்து மணிக்கு மேல் நம் ஊர் மண்ணிலிருந்து எழும் கானல் அலையில் 24 மடங்கு வைத்துப் பார்த்தால், இலக்கு தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளியும். மடங்கைவிட மூன்று விஷயங்களுக்குப் பணம் கொடுங்கள்: பேரலக்ஸ் (கண் அசைந்தால் குறியும் இலக்கின்மீது நகர்வதுபோலத் தெரிவது) சரிசெய்யும் வசதி, சொன்ன கிளிக்குக்குச் சொன்ன அளவு குறியை நகர்த்தும் டரெட் என்ற குமிழ், ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும் நல்ல மவுண்ட். 30-06 உதைக்கும் துப்பாக்கி, கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 9 சென்டிமீட்டர் தூரமாவது இருக்கட்டும். டரெட்டைச் சோதிக்க, ஒரே புள்ளியைக் குறிவைத்துக்கொண்டு மேலே 20 கிளிக், வலது 20, கீழே 20, இடது 20 என்று சுற்றி, ஒவ்வொரு மூலையிலும் ஒரு குண்டு சுடுங்கள். ஐந்தாவது குண்டு முதல் ஓட்டையின் பக்கத்திலேயே விழ வேண்டும்.

வேட்டைக்கட்டையில் கன்னம் வைக்கும் மேடு தாழ்வாக இருக்கும், இரும்புக் குறி பார்ப்பதற்காக அமைத்தது. ஸ்கோப் போட்டபின் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு குண்டுக்கும் கண் ஒவ்வொரு இடத்தில் நிற்கும். ஒரு துண்டு ஃபோம், அதன்மேல் தோல், இழுத்துக் கட்ட ஒரு வார். தோலுக்கு வாணியம்பாடியும் ஆம்பூரும் பக்கத்தில் இருக்கிற நமக்கு என்ன குறை? ஊசி நூலோடு ஒருவர் ஒரு மணி நேரத்தில் தைத்துக் கொடுத்துவிடுவார். முன்பக்கம் தாங்க பழைய ஜீன்ஸ் காலைத் தைத்து மணல் நிரப்பிய பை, பின்னால் ஒரு சின்னப் பை. முன்பை முன்கட்டையின் அடியில் இருக்க வேண்டும், பேரலைத் தொடவே கூடாது.

சரி, 300 மீட்டருக்கு வருவோம். எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர், 300 மீட்டரில் 8.7 சென்டிமீட்டர். சர்வதேச 300 மீட்டர் இலக்கில் பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டம் 10 சென்டிமீட்டர். உங்கள் துப்பாக்கி கட்டை சரியான பிறகு 100 மீட்டரில் ஐந்து குண்டை நாலரை சென்டிமீட்டருக்குள் போட்டால், வேட்டைத் துப்பாக்கிக்கு அது நல்ல மதிப்பெண். 300 மீட்டரில் அது சுமார் 13 சென்டிமீட்டர், அதாவது பத்தும் ஒன்பதும் கலந்து விழும். அதற்கு மேல் தொழிற்சாலைத் தோட்டாவிடம் எதிர்பார்க்காதீர்கள்.

180 கிரெய்ன் (ஏறக்குறைய 11.7 கிராம்) எடைக் குண்டுள்ள வழக்கமான 30-06 தோட்டாவை 100 மீட்டரில் ஜீரோ செய்தால், 300 மீட்டரில் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கீழே விழும். ஏறக்குறைய ஐந்தரை எம்ஓஏ, ஒரு கிளிக்குக்குக் கால் எம்ஓஏ நகரும் டரெட்டில் 22 கிளிக். இது தொடங்குவதற்கான எண், உங்கள் பேரலின் எண்ணைத் தாளில் சுட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 200இல் ஒருமுறை நிறுத்திச் சரிபார்த்து, அப்புறம் 300க்குப் போங்கள். குண்டு விழுவதைக் கணக்குப் போட்டுவிடலாம், காற்றுதான் பாடாய்ப் படுத்தும். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று, முகத்தில் பட்டால்கூடப் பெரிதாகத் தோன்றாத காற்று, 300 மீட்டரில் குண்டை 10 சென்டிமீட்டர் தள்ளிவிடும். பத்தைக் குறிவைத்தவனுக்கு ஒன்பது விழும். ஆடி மாதத்தில் பழகுகிறவர்களுக்கு இது கொடுமையாக இருக்கும், ஆனால் அந்த மாதத்தில்தான் காற்றைப் படிக்கவும் வரும்.

மெல்லிய பேரல் என்பதால் மூன்று குண்டுக்கு ஒருமுறை போல்ட்டைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். மார்கழிக் காலையில் ஐந்து நிமிடம், சித்திரையில் பதினைந்து நிமிடம். தோட்டாவை வெயிலிலோ, நிறுத்திய காருக்குள்ளோ வைக்காதீர்கள். மருந்து சூடானால் அழுத்தமும் வேகமும் ஏறும், குண்டு மேலே போகும். சூடான பேரலின் தோட்டா அறைக்குள் தோட்டாவைப் போட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருப்பதும் அதே தப்பு. ஒரு நோட்டில் தேதி, நேரம், வெயில், தோட்டாவின் லாட் எண், குளிர்ந்த பேரலில் முதல் குண்டு எங்கே விழுந்தது என்று எழுதி வாருங்கள். ஆறு மாத நோட்டு எந்த ஸ்கோப்பையும்விட மேல்.

எங்கே சுடுவது என்பதில் நான் கண்டிப்பானவன். 30-06 குண்டு சில கிலோமீட்டர் பறக்கும். பாலாற்று மணலோ, வற்றிய ஏரியோ, அமிர்தி பக்கத்து மலையடிவாரமோ ரேஞ்ச் ஆகாது. அங்கே ஆடு மேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள், கல்லில் பட்ட குண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கீகாரம் பெற்ற ரேஞ்சில், பின்னால் மண்மேடு உள்ள இடத்தில் மட்டும்தான். அதற்கு ரைஃபிள் கிளப் உறுப்பினராகி, மாநிலச் சங்கம் வழியாகப் போக வேண்டும். சங்கங்களுக்கெல்லாம் தலைமையான தேசிய ரைஃபிள் சங்கம் 1951இல் தொடங்கியது, போட்டி விதிகளையும் அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெளி மாநில ரேஞ்சுக்குப் போவதாக இருந்தால், உங்கள் லைசென்ஸ் எந்த எல்லைக்குச் செல்லும் என்று முதலில் பாருங்கள்.

உங்கள் ஆசை போட்டிவரை நீளுமானால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: சர்வதேச விதிப்படியான 300 மீட்டர் போட்டியில் ஸ்கோப் கிடையாது, சிறு துளை வழியாகப் பார்க்கும் துளைக்குறி மட்டும்தான். அப்பாவின் துப்பாக்கி உங்களுக்கு நல்ல ஆசானாக இருக்கும், போட்டிக்கு வேறு துப்பாக்கி வேண்டும். 30-06 தோட்டா விலையும் அதிகம், லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் வாங்கவும் முடியாது. அதனால் வாரம் மூன்று நாள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுங்கள். அதன் பத்து அரை மில்லிமீட்டர் புள்ளி. மூச்சும் விரலும் அங்கே படிந்தால், 300 மீட்டருக்கு அப்படியே வரும்.

இன்னொன்று. தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும், மாதக்கணக்கில் அங்கே இருக்கும். கொடுப்பதற்கு முன் பேரலின் உள்ளும் புறமும் எண்ணெய் தடவிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் எண்ணெயை முழுக்கத் துடைத்து, ஸ்குருக்களை மறுபடி அளந்து பார்த்து, 100 மீட்டரில் ஜீரோவைச் சரிபார்த்த பிறகே 300க்குப் போங்கள். பெட்டிங் வேலைக்கு முன்னும் பின்னும் ஐந்து குண்டு சுட்ட தாள்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மூன்றாவது குண்டு அப்போதும் வலது பக்கம் ஏறினால், அடுத்து ஸ்கோப் மவுண்டைக் கழற்றிப் பார்ப்போம்.