ட்வைன் கதையில் கிளைகள் பெருகினால்

ட்வைனில் (வாசகர் தேர்வுக்கேற்பக் கிளை பிரியும் கதை எழுதும் மென்பொருள்) மேட்டூர்த் தண்ணிக்குக் காத்திருக்கும் திருவாரூர் விவசாயி கதை, பக்கத்துக்கு 300 சொல், 3 தேர்வு, சமாளிக்க முடியலைன்னு கேட்டிருந்தீங்க. அப்படியே 5 கட்டம் போனால் 243 முடிவு. எழுதித் தீராது. பிரிந்த கிளைகளை இரண்டு பக்கத்துக்குள் திரும்பச் சேருங்க. வித்தியாசத்தை 'கடன்', 'விதை' என்று இரண்டே மாறிகள் (வாசகர் தேர்வை நினைவில் வைக்கும் மதிப்புகள்) சுமக்கட்டும். சேர்ந்த இடத்தில் இஃப் (நிபந்தனை) போட்டு ஒரு வரி மட்டும் மாற்றுங்க: கடன் வாங்கியவனுக்கு, "சட்டைப்பையில் அடகுச் சீட்டு." அது போதும், உண்மையிலேயே வலிக்கும். ட்வைனின் சுகர்கியூப் கதை வடிவத்தில் எழுதுறீங்க என்றால் மாறிகளுக்குத் தொடக்கத்திலேயே 0 கொடுங்க. மதிப்பில்லாததோடு 1 கூட்டினால் எண்ணே வராது.

வரிகள் இப்படி இருக்கட்டும்: "ஜூன் 12. வாய்க்கால் வெடித்துக் கிடக்கிறது." குறுவைப் பதற்றத்தை விளக்காதீங்க. தேர்வும் செயலாக இருக்கட்டும்: "போர்வெல் தண்ணியில் நாற்று விடு", "ஆற்றுத் தண்ணி வரட்டும்". 'கவலைப்படு' வேண்டாம்.