காய்கறி நிறங்கள்: கேட்டதும் சொன்னதும்

பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. ரத்தமா சார்?

பீட்டாலெயின் என்ற நிறமிதான் அது. எல்லோருக்கும் இப்படி வராது, இரும்புச்சத்து குறைந்தவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாக வரும். பீட்ரூட்டே தொடாத நாளிலும் சிவந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

கேரட்டைப் பச்சையாகக் கடிப்பதா, வேக வைப்பதா?

வேக வைத்து, கொஞ்சம் எண்ணெயோடு. கேரட்டின் ஆரஞ்சு நிறமியான பீட்டா கரோட்டின் செல்சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கிறது, சூடு பட்டால்தான் சுவர் தளரும், அப்புறம் அது கரைவதோ கொழுப்பில்தான். வதக்கும்போது எண்ணெய் ஆரஞ்சாக மாறுமே, கவனித்ததுண்டா? தக்காளியின் சிவப்பு நிறமியான லைகோப்பீனுக்கும் இதே கதை, ஆனால் பீட்டா கரோட்டின் போல அது உடலில் வைட்டமின் ஏ ஆகாது.

தினமும் கேரட் கூழ் கொடுக்கிறேன், குழந்தையின் உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. காமாலையா?

விழியின் வெள்ளையைப் பாருங்கள் அம்மா. அது வெள்ளையாகவே இருந்தால் பெரும்பாலும் கரோட்டின் தோலில் தங்கியதுதான், கூழைக் குறைத்தால் சில வாரங்களில் தானே போய்விடும். விழியும் மஞ்சளாக இருந்தால் காத்திருக்க வேண்டாம், இன்றே காட்டுங்கள்.

சமைக்கிற சிரமம் எதற்கு, அப்பாவுக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை வாங்கித் தரலாமா? அவர் சிகரெட் பிடிப்பவர்.

வேண்டவே வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29,000 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி தினம் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, மாத்திரை எடுத்தவர்களுக்கு அந்தப் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது! அமெரிக்காவில் இதே போன்ற ஆய்வை 1996இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். காயில் இருக்கும்போது சாதுவாக இருப்பது மாத்திரையில் ஏன் இப்படி ஆகிறது என்றால், அளவு ஒரு காரணம், புகையால் ஏற்கெனவே புண்பட்ட நுரையீரல் இன்னொன்று. வயதானபின் விழித்திரை தேய்வோருக்கு டாக்டர் லூட்டீன் 10, ஸியாக்ஸாந்தின் 2 மில்லிகிராம் என்று வேறு இரண்டு மஞ்சள் நிறமிகளை எழுதித் தருவது வேறு விஷயம், அதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது.

பச்சையம் குடித்தால் ரத்தம் ஊறுமாமே?

ஊறாது. இரண்டின் மூலக்கூறும் பார்க்க ஒரே ஜாடைதான், ஆனால் பச்சையத்தின் நடுவில் மக்னீசியம், ரத்தத்தில் இரும்பு.

ஊதா முட்டைக்கோஸ் வேகும்போது நீலமாகிவிட்டது. கெட்டுப்போச்சா?

இல்லை, உங்கள் தண்ணீரில் காரத்தன்மை இருக்கிறது. கோஸின் ஊதா நிறமியான ஆந்தோசயனின் அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், கண்ணெதிரே நிறம் திரும்பும். வெந்த தண்ணீரை மட்டும் கொட்டிவிடாதீர்கள், நிறமி அதில்தான் இறங்கியிருக்கிறது.