கீழ் லீக்கின் மேலாளர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் கால்பந்து அணியின் மேலாளராக இருந்த டிக் கேம்பலைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கீழ் லீக்குகளில் ஆடி, அங்கேயே மேலாளராகி, அங்கேயே நரைத்தவரை இத்தனை கொண்டாட வேண்டுமா? உண்மையிலேயே திறமை இருந்தால் ஸ்காட்லாந்தின் பெரிய கிளப்புகளான செல்டிக்கோ ரேஞ்சர்ஸோ அழைத்திருக்காதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அழைக்கவில்லைதான். நீங்கள் இன்னும் கடுமையாகவே கேட்டிருக்கலாம். பார்ட்டிக் திஸில் அணியை 2006இல் பிளே-ஆஃப் (லீக் முடிந்தபின் மேலேறும் அணியைத் தீர்மானிக்கும் ஆட்டங்கள்) வழியாக மூன்றாம் அடுக்கிலிருந்து இரண்டாம் அடுக்குக்கு ஏற்றினார். மறு ஆண்டே வேலை போயிற்று. அடுத்துப் போன ராஸ் கவுன்டியில் சில மாதங்கள்தான் தாக்குப்பிடித்தார்.

ஆனால் செல்டிக்கில் மேலாளர் பார்க்கும் வேலை வேறு, ஆர்ப்ரோத்தில் பார்க்கும் வேலை வேறு. பதவிக்குப் பெயர்தான் ஒன்று. கேம்பலின் ஆர்ப்ரோத் வீரர்கள் பகலில் வேறு பிழைப்பு பார்த்தவர்கள். பாபி லின் என்ற விங்கர் (பக்கவாட்டில் ஓடித் தாக்கும் வீரர்) டண்டியில் குப்பை அள்ளும் தொழிலாளியாக இருந்தவர். 2018-19இல் மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். விடியலில் வேலைக்குப் போய் வந்தவரை மாலையில் பயிற்சிக்கு வரவழைத்து, சனிக்கிழமை ஓட வைக்க வேண்டும். வாரத்தில் இரண்டே மாலைகள் கிடைக்கும் இடத்தில் நுணுக்கமான ஆட்ட உத்திகளைச் சொல்லிக்கொடுக்க நேரம் ஏது? ஆளைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். பிற கிளப்புகள் கழற்றிவிட்ட அனுபவசாலிகளையும் கடனுக்கு வரும் இளைஞர்களையும் ஒரே அறையில் சிரிக்க வைப்பது கேம்பலின் கைவந்த கலை. துணைக்கு அவருடைய இரட்டைச் சகோதரர் இயன். அவர் பிரெக்கின் சிட்டி அணியில் கோல்களாக அடித்துக் குவித்தவர்.

மைதானத்தையும் சொல்ல வேண்டும். ஆர்ப்ரோத்தின் மைதானமான கேஃபீல்ட் பார்க்கின் மதிலுக்கு அப்பால் வட கடல். காற்று புரட்டும் நாட்களில் கோல்கீப்பர் ஓங்கி உதைத்த பந்து பாதி வழியில் மனம் மாறிவிடும். (1885இல் பான் அக்கார்ட் என்ற அணியை 36-0 என்று வென்ற கிளப் இது. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு சம்பளம் கொடுக்க முடியாது என்பது வேறு விஷயம்.)

2016இல் அவர் பொறுப்பேற்றபோது அணி நான்காம் அடுக்கில் கிடந்தது. 2017இலும் 2019இலும் அந்தந்த லீக்கை வென்று மேலேறியது. 2021-22இல் இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் பத்து அணிகளில் முழுநேர வீரர்கள் இல்லாத ஒரே அணி ஆர்ப்ரோத். முடித்தது இரண்டாம் இடத்தில். ஏப்ரல் 22 அன்று கில்மார்னாக் மண்ணில் வென்றிருந்தால் பட்டத்தை எட்டிப் பிடித்திருக்கலாம். முன்னிலையும் பெற்றார்கள், கடைசிக் கட்டத்தில் 2-1 என்று தோற்றார்கள். பிளே-ஆஃபில் இன்வர்னெஸுக்கு எதிராக இரண்டு ஆட்டங்களிலும் கோல் இல்லை. எதிரணியில் இரண்டு பேர் சிவப்பு அட்டையோடு வெளியேறி ஒன்பது பேரே மிஞ்சியும் ஒரு கோல் விழவில்லை. பெனால்டியில் கதை முடிந்தது. பாராட்டுவதால் இதை மறைக்க மாட்டேன்: பத்து பேரை, ஒன்பது பேரை உடைக்கும் உத்தி அன்று அவரிடம் இல்லை. அதுவே அவருடைய எல்லை.

கீழ் லீக் வேலையை ஆறுதல் பரிசு என்று எண்ணுகிறவர் இதற்குப் பின் வீட்டுக்குப் போயிருப்பார். 2023 நவம்பரில் ஆர்ப்ரோத்தை விட்டு விலகினார். பிறகு எழுபதைத் தொட்ட வயதில், வழக்கமான தட்டைத் தொப்பியோடு, நான்காம் அடுக்கில் இருந்த ஈஸ்ட் ஃபைஃப் அணியை நடத்தப் போனார்.