அந்த ஆர்டரை எடுக்கலாமா, பாப்பாவிடம் கேளுங்கள்

அன்புள்ள ஐயா,

"டேலி சாஃப்ட்வேரில் கணக்கு எண்ட்ரி போடுகிற வேலைக்கு மூன்று வருஷம் பி.காம் எதற்கு?" என்று கேட்டிருந்தீர்கள். எண்ட்ரியோடு நின்றுவிட்டால் உங்கள் கவலை நியாயம்தான். உங்கள் மகள் பாப்பாவுக்கு நான் பி.காம் சொன்னது அதற்காக இல்லை. பேங்குக்கும் வருமான வரிக்கும் எழுதுகிற கணக்கு, நடந்து முடிந்ததைச் சொல்கிறது. அடுத்து என்ன செய்யலாம் என்று முதலாளி தனக்காகப் போட்டுப் பார்ப்பது வேறு கணக்கு. மேலாண்மைக் கணக்கியல் என்பது அதுதான்.

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறீர்கள், உங்கள் தொழிலிலேயே பார்ப்போம். ஒரு டி-ஷர்ட்டின் அடக்கவிலை 140 ரூபாய் என்று வையுங்கள். துணி, தையல் கூலி, பிரிண்டிங், பேக்கிங் எல்லாம் சேர்ந்து 105. மீதி 35, கட்டட வாடகையும் சூப்பர்வைசர் சம்பளமும் பீசுக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டது. ஒருவர் 5,000 பீஸ் கேட்கிறார், விலை 120தான் தருவாராம். பீசுக்கு 20 ரூபாய் நஷ்டம் என்று திருப்பி அனுப்பத் தோன்றும்.

மெஷின் சும்மா கிடக்கிற மாதமா? அப்படியானால் அந்த 35 ரூபாய், தைத்தாலும் தைக்காவிட்டாலும் போகப்போகிற காசு. ஆர்டரை எடுத்தால் பீசுக்கு 15 வீதம் 75,000 ரூபாய் வாடகைக்காவது கைகொடுக்கும். அதே மாதத்தில் 150 ரூபாய் ஆர்டர் கையில் இருந்து, அதைத் தள்ளிவிட்டு இதைத் தைத்தால் பீசுக்கு 30 ரூபாய் இழப்பு. விலை ஒன்றுதான், பதில் இரண்டு. அப்புறம், 120க்குக் கொடுத்தது பழைய பார்ட்டி காதுக்குப் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். அது எந்தத் தாளிலும் இருக்காது.

இதையே தொழிலாகப் படிக்க சி.எம்.ஏ (காஸ்ட் அண்ட் மேனேஜ்மென்ட் அக்கவுண்டன்ட்) என்ற படிப்பு இருக்கிறது. 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய நிறுவனம் நடத்துகிறது. பிளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன் எழுதலாம். டிகிரி முடித்தவர்கள் நேராக இன்டர்மீடியட் சேரலாம், கடைசியில் ஃபைனல். ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. அமெரிக்க நிறுவனம் ஒன்றும் இதே பெயரில் படிப்பு நடத்துகிறது. கோச்சிங் சென்டரில் பணம் கட்டும் முன் எது என்று தெளிவாகக் கேளுங்கள்.

சரி, ஒன்று செய்யுங்கள். போன சீசனில் நீங்கள் வேண்டாம் என்று விட்ட ஆர்டரின் காஸ்டிங் ஷீட்டை பாப்பாவிடம் கொடுங்கள். எந்தச் செலவு எப்படியும் போயிருக்கும், எது தைத்தால் மட்டும் வந்திருக்கும் என்று பிரிக்கச் சொல்லுங்கள். அவள் அதில் எவ்வளவு நேரம் உட்காருகிறாள் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.