மூட் சரியில்லாமல் குடிக்கிறானா, குடிப்பதால் மூட் கெடுகிறதா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். சனிக்கிழமை நண்பர்களோடு போய்விட்டு வந்தால் மட்டும் கலகலப்பு. போன வாரம் பீர் வாடை அடித்தது. ஏதோ மனவருத்தத்தில்தான் குடிக்கிறானா டாக்டர்?

பதில்: இருக்கலாம். ஆனால் சோகத்தை மட்டும் தேடாதீர்கள். இந்த வயதில் பெரும்பாலும் குடிப்பது சந்தோஷமான நாட்களில், கூட்டாளிகளோடு. கவலையை மறக்கக் குடிப்பவர்கள் குறைவு. பின்னாளில் சிக்கலில் மாட்டும் வாய்ப்பு அவர்களுக்குத்தான் கூடுதல்.

உங்கள் மகன் இதில் எந்த ரகம் என்பதைக் கிழமைகள் ஓரளவு சொல்லிவிடும். மது உள்ளே போனதும் மூளையின் பரபரப்பு தணிகிறது, அதனால் இதமாக இருக்கிறது. போதை இறங்கும்போது மூளை எதிர்ப்பக்கம் சாய்ந்து படபடப்பு, எரிச்சல் என்று கிளப்பும். குடித்தவன் சீக்கிரம் தூங்கிவிடுவான், பின்னிரவில் தூக்கம் கலைந்துகொண்டே இருக்கும். மறுநாள் சிடுசிடுப்புக்கு அதுவே போதும். ஆகவே அவன் எந்தெந்த நாளில் எரிந்து விழுகிறான் என்று மூன்று வாரம் குறித்து வையுங்கள். (அவன் கண்ணில் படாமல்!) ஞாயிறு, திங்களில் அதிகமென்றால் குடி மேல் சந்தேகப்படலாம். புதன், வியாழனில் ஏறிக்கொண்டே போனால் பள்ளியிலோ நட்பிலோ ஏதோ உறுத்துகிறது. சனிக்கிழமைக் குடி அதற்கு வடிகாலாக இருக்கலாம்.

அவனோடு பேசுவது குடித்த அன்று வேண்டாம். ஓரிரு நாள் கழித்து, இருவரும் நிதானமாக இருக்கும்போது பேசுங்கள். "குடிச்சியா?" என்று ஆரம்பித்தால் "இல்லை" என்றுதான் வரும். "ஞாயித்துக்கிழமை ஏன்டா அவ்வளவு டல்லா இருந்தே?" என்று கேட்டுப் பாருங்கள். இந்த வயதில் குடி கூடாது என்பதையும் மழுப்பாமல் சொல்லுங்கள். வீட்டிலேயே கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் அளவோடு இருப்பான் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பெற்றோர் கையால் வாங்கிக் குடித்தவர்கள் பின்னால் கூடுதலாகவே குடிக்கிறார்கள் என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன.

வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு அழுகையாக இல்லாமல் எரிச்சலாகவே வரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் அப்படியே இருந்தாலோ, தனியாகக் குடித்தாலோ, தூங்குவதற்காகக் குடித்தாலோ மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே.

குடித்துவிட்டு எழுப்பியும் எழாவிட்டாலோ, மூச்சு விட்டு விட்டு வந்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். காபியும் பச்சைத்தண்ணிக் குளியலும் போதையை இறக்காது.