வாங்குவோர் கேள்வி-பதில்: அம்மா தூக்கிப்போட்ட பேஸ்பால் கார்டுகள்

இரண்டு வாரத்துக்கு முன் பழைய சாமான் வாங்குவது பற்றிய ஒரு பதிலில், போகிற போக்கில் பேஸ்பால் கார்டு என்று எழுதிவிட்டேன். பேஸ்பால் வீரர்களின் படம் போட்டு, பபுள்கம்மோடு பாக்கெட்டில் விற்ற அட்டை அது. அதிலிருந்து அதைப் பற்றித்தான் கடிதம், வேறு எதைப் பற்றியும் வரவில்லை. 1980களிலும் 90களிலும் அமெரிக்காவில் வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது. கையில் காசும் இருக்கிறது, ஏக்கமும் இருக்கிறது. இப்படிப்பட்ட ஆளைத்தான் விற்பவன் தேடிக்கொண்டிருக்கிறான். ஆகவே இந்த வாரம் முழுக்க இதுதான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், மன்னிக்கவும்.

1993-ல் வீடு மாறியபோது மகனுடைய பேஸ்பால் கார்டுகள் இருந்த மூன்று ஷூ பெட்டிகளைக் குப்பையில் போட்டுவிட்டேன். அவன் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அவனுக்கு 47 வயது. போன தீபாவளிக்குத் தன் மகளிடம், "ஓரமெல்லாம் மரச்சட்டம் மாதிரி இருக்கும். 1987 செட்டில் எனக்குப் பதினொன்றுதான் பாக்கி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அடுக்களையிலிருந்து கேட்டேன். பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா? நிறைய ஆகுமா?
— ஒரு அம்மா, எடிசன், நியூ ஜெர்சி

தாராளமாக வாங்குங்கள் அம்மா. பயப்படும் அளவுக்கு ஆகாது. நீங்கள் சொல்வது டாப்ஸ் கம்பெனியின் 1987 செட், அதாவது அந்த ஆண்டு வரிசையின் எல்லாக் கார்டும். மொத்தம் 792 கார்டுகள். முழு செட் ஐம்பது டாலருக்குள் கிடைக்கும். அவசரப்படாமல் தேடினால் அதில் பாதிக்கே வரும். குடும்பத்தோடு போய் தோசை சாப்பிட்டால் அதைவிட அதிகமாகிறது.

ஆண்டை மட்டும் அழுத்திச் சொல்லி வாங்குங்கள். டாப்ஸ் 1962-லும் இதே போல மர ஓரம் போட்டது. அந்த செட்டின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். 2017-லும் 2022-லும் 1987 வடிவத்தையே திரும்ப எடுத்து நினைவுக் கார்டுகள் அச்சடித்தார்கள். அதில் புது வீரர்களும் கலந்திருப்பார்கள், உங்கள் மகன் முகம் சுளிப்பார்.

விற்பவரிடம் நான்கு கார்டுகளின் படத்தைக் கேளுங்கள்: 170 போ ஜாக்சன், 320 பேரி பாண்ட்ஸ், 366 மார்க் மெக்வயர், 620 ஹோசே கன்சேகோ. செட்டிலிருந்து எதையாவது உருவியிருந்தால் இந்த நான்கில்தான் கை வைத்திருப்பார்கள். "ஏறக்குறைய முழு செட்" என்று எழுதியிருந்தால் இந்த நான்கும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையிலேயே அடுக்கிய செட்டும் உண்டு, யாரோ வீட்டில் உட்கார்ந்து எண் பார்த்து அடுக்கியதும் உண்டு. என்னைக் கேட்டால் இரண்டாவது. பபுள்கம் கறை அங்கங்கே இருக்கும். உங்கள் வீட்டு ஷூ பெட்டியிலும் இருந்திருக்கும்.

குற்ற உணர்ச்சி வேண்டாம். 1952 டாப்ஸ் வரிசையில் மிக்கி மேன்ட்டில் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 12.6 மில்லியன் டாலருக்கு ஏலம் போனதே, அதற்குக் காரணம் உங்களைப் போன்ற அம்மாக்கள்தான். 1950களில் பையன்கள் அதை சைக்கிள் சக்கரத்தில் செருகி ஓட்டினார்கள், மிச்சத்தை அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். விற்காமல் தேங்கிய 1952 கார்டுகளை 1960-ல் படகில் ஏற்றி அட்லான்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸின் சை பெர்கரே சொல்லியிருக்கிறார். ஆகவே மிஞ்சியது கொஞ்சம். 1987-ல் நிலைமை தலைகீழ். இது ஒருநாள் விலைபோகும் என்று நாடே பத்திரப்படுத்தியது. அதனால்தான் இன்று உங்களுக்கு மலிவாகக் கிடைக்கிறது.

அந்தப் பதினொன்று எவை என்று மகனிடம் சும்மா கேட்டுப் பாருங்கள். எண் உட்பட ஒப்பிப்பார் என்று நினைக்கிறேன்.

அதே 1987 டாப்ஸ், பிரிக்காத பெட்டி, 36 பாக்கெட். வாங்கி ஒவ்வொன்றாகப் பிரித்து செட்டை நிறைவு செய்ய ஆசை. நல்ல யோசனைதானே?
— ச.வே., ஹூஸ்டன்

ஒரு பாக்கெட்டில் 17 கார்டு. 36 பெருக்கல் 17, 612. செட்டுக்கு வேண்டியது 792. ஒன்றுகூட இரட்டையாக வராமல் இருந்தாலும் 180 குறைகிறது. வரும் ஐயா, இரட்டை வரும். அன்று நாற்பது காசு கொடுத்து வாங்கிய பையன்களுக்கே இந்தக் கணக்கு மனப்பாடம்.

பிரிக்கிற சுகத்துக்காக என்றால் வாங்குங்கள், அந்தச் சுகம் எனக்கும் தெரியும். ஆனால் பாக்கெட் மெழுகுத்தாள். சூடு காட்டி ஒட்டியது. இஸ்திரிப்பெட்டி வைத்திருப்பவன் எவனும் பிரித்துப் பார்த்து, நல்லதை எடுத்துக்கொண்டு, திரும்ப ஒட்டிவிடலாம். பின்பக்க மடிப்பில் மெழுகு இரண்டு முறை உருகிய தடமோ, உள்ளே கார்டு ஓரம் மடங்கியோ இருந்தால் விலகிவிடுங்கள்.

மாமனார் வீட்டு பேஸ்மென்டில் 1988 டான்ரஸ், 1990 ஃப்ளீர், 1990 டாப்ஸ் என்று வெவ்வேறு கம்பெனிக் கார்டுகள் இருபது பெட்டி. என்ன விலை போகும்?
— பெயர் வேண்டாம், டாலஸ்

பெட்டி உறுதியானதாக இருந்தால் அதற்கு ஏதாவது தருவார்கள்.

சரி, ஒன்று பாருங்கள். 1990 டாப்ஸில் 414-ம் எண், ஃபிராங்க் தாமஸ். முன்பக்கம் அவர் பெயர் அச்சாகாமல் விட்டுப்போன கார்டு இருந்தால் அதற்கு உண்மையிலேயே நல்ல விலை உண்டு. பெயரைச் சுரண்டி எடுத்த போலிகளும் உண்டு என்பதால் வாங்குகிறவன் பூதக்கண்ணாடியோடு வருவான். மற்றதை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

1989 ஃப்ளீர் பில்லி ரிப்கென் கார்டு என்னிடம் இருக்கிறது. மட்டையின் அடியில் கெட்ட வார்த்தை எழுதியிருக்குமே, அது. இணையத்தில் பதினைந்தாயிரம் டாலர் என்று போட்டிருக்கிறது. ஒரு வியாபாரி பதினைந்து டாலர் தருகிறேன் என்கிறான். ஏமாற்றுகிறான்தானே?
— கு.ம., ஃப்ரீமான்ட்

இல்லை. கிட்டத்தட்ட சரியான விலைதான் சொல்லியிருக்கிறான். உங்களை ஏமாற்றியது அந்த இணையப் பக்கம். இந்த விஷயத்தில் எனக்குப் பழைய கோபம் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கார்டு. 616-ம் எண். பயிற்சிக்கான மட்டை எது என்று தெரிய அந்த வார்த்தையைத் தானே எழுதியதாக ரிப்கென் பின்னாளில் ஒத்துக்கொண்டார். விஷயம் வெளியே வந்ததும் ஃப்ளீர் அதைக் கிறுக்கி மறைத்தது, வெள்ளை பூசியது, கறுப்புக் கட்டம் போட்டது. அதனால் ஒரே கார்டில் பல வகை. வெள்ளை பூசியதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் மதிப்பு. கெட்ட வார்த்தை தெளிவாக இருக்கும் கார்டைப் பார்த்தவர்கள் எல்லோரும் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டார்கள். அது ஏராளமாக இருக்கிறது.

இப்போது பதினைந்தாயிரம். தி.நகரில் ஒரு கடைக்காரர் நூல் புடவைக்கு லட்ச ரூபாய் என்று சீட்டு ஒட்டினால் புடவையின் விலை லட்சமாகிவிடுமா? அவர் கேட்கிறார், அவ்வளவுதான். எந்தப் பைத்தியக்காரனும் எந்தக் கார்டுக்கும் எந்த விலையும் போட்டு வைக்கலாம், காசா பணமா? அதைப் பார்த்து யாரோ "உங்கள் பரணில் இருக்கும் இந்தப் பத்துக் கார்டுகள் லட்சம் பெறும்" என்று கட்டுரை எழுதுகிறார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த இன்னொருவர் தன் கார்டுக்கும் அதே விலையைப் போடுகிறார். வாங்கியவர் ஒருவர்கூட இல்லாமல் விலை மட்டும் ஊர் சுற்றுகிறது. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. அதைத் தட்டுங்கள். உங்கள் கார்டின் நிலையில் உள்ளதாகப் பார்த்துக் கடைசியாக விற்ற பத்தை எடுத்து, உச்சியில் ஒன்றையும் அடியில் ஒன்றையும் தள்ளிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். அதுதான் விலை. அதிலும் வியாபாரி லாபம் வைக்க வேண்டாமா?

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 1990-ல் கார்டு விலைப்பட்டியல் போடும் பெக்கெட் மாத இதழைப் பஞ்சாங்கம் மாதிரி புரட்டிக்கொண்டிருந்த காலத்தில், அதில் விலை ஏறுமுகமாக இருக்கிறது என்று அந்த ஆண்டின் டான்ரஸ், சிவப்பு ஓரம் போட்டது, ஐந்து பெரிய பெட்டி வாங்கினேன். மகளின் கல்லூரிச் செலவுக்காம். அவள் கல்லூரி முடித்து, கல்யாணமாகி, அவள் பெண்ணே இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அந்தப் பெட்டிகள் மேல் டிவி உட்கார்ந்திருக்கிறது. என் மனைவி விருந்தாளிகளிடம் "இவருடைய கல்லூரி நிதி" என்று காட்டுவாள்.

1989-ல் அப்பர் டெக் கம்பெனி போட்ட கென் கிரிஃபி ஜூனியர், முதல் எண் கார்டு. சிறுவயதில் வாங்க முடியாதது. பிளாஸ்டிக் உறையில், பத்துக்குப் பத்து கிரேடு (கார்டின் நிலையைப் பார்த்து கிரேடிங் நிறுவனம் தரும் மதிப்பெண்), சீட்டு எண் எல்லாம் இருந்தது. ஒரு குழுவில் அறிமுகமானவரிடம் 1,400 டாலருக்கு வாங்கினேன். எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வந்தது. இப்போது கடைக்காரர் உறையே போலி என்கிறார். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.
— த., அட்லான்டா

உங்கள் மேல் தவறில்லை. எண்ணைச் சரிபார்த்திருக்கிறீர்கள், பாதிப்பேர் அதையும் செய்வதில்லை. போலி செய்கிறவன் உண்மையான கார்டு ஒன்றின் எண்ணைத்தான் தன் சீட்டில் அச்சடிக்கிறான், அதனால் எண் "சரி" என்றே வரும். சில எண்களுக்குத் தளத்தில் அசல் கார்டின் படமும் இருக்கும். நடுவில் அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது, மூலையில் என்ன புள்ளி என்று உங்கள் கையில் உள்ளதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

இனி வேலை. கடைக்காரர் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். விற்றவரோடு பேசிய செய்தி ஒன்றையும் அழிக்காதீர்கள். பேபாலில் பொருள் வாங்கியதாகப் பணம் கட்டியிருந்தால் 180 நாளுக்குள் புகார் திறக்கலாம். கிரெடிட் கார்டு என்றால் இன்றே வங்கியைக் கூப்பிடுங்கள். நண்பருக்கு அனுப்புவதாகச் சொல்லி அனுப்பியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. "கமிஷன் மிச்சம்" என்று அவர்கள் அப்படி அனுப்பச் சொல்வது இதற்காகத்தான். அப்படியே ஆகியிருந்தாலும் எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார்ப் பக்கத்தில் பதியுங்கள். தபாலில் வந்திருந்தால் தபால் துறைப் புலனாய்வுப் பிரிவிலும் பதியுங்கள்.

மனைவியிடம் இன்றிரவே சொல்லிவிடுங்கள். 1991-ல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 300 டாலர் கொடுத்து 1952 மேன்ட்டில் வாங்கி வந்தவன் நான். அது 1983-ல் டாப்ஸே போட்ட மறுபதிப்பு. பின்பக்கம் அதைச் சொல்லும் வரியை யாரோ சுரண்டியிருந்தார்கள். அசல் 1952 கார்டு கொஞ்சம் பெரிது, உயரம் மூன்றேமுக்கால் அங்குலம். மறுபதிப்பு மூன்றரை. ஒரு ஸ்கேல் இருந்திருந்தால் போதும். அதை என் மனைவியிடம் 1996-ல்தான் சொன்னேன். ஐந்து வருடம் மறைத்ததற்குத்தான் திட்டு விழுந்தது.

இரவு நேர டிவியில் விற்கும் "மர்மப் பெட்டி" மூன்றாவது முறையும் குப்பையாகவே வந்தது. நான்காவது வாங்கலாமா?
— ஜெ., சிகாகோ

தம்பி, உள்ளே நல்லது இருந்தால் அவர்கள் ஏன் அதற்கு மர்மப் பெட்டி என்று பெயர் வைக்கிறார்கள்?

பழைய 1987 கார்டுகளை கிரேடிங்குக்கு அனுப்பினால் மதிப்பு கூடுமா?
— ந.ஸ்ரீ., டொராண்டோ

பெரும்பாலான கார்டுகளுக்குக் கூலி கார்டைவிட அதிகம். அசலாகப் பழைய, விலையுயர்ந்த கார்டு என்றால் வேறு கதை. அதிலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 1991-ல் பிஎஸ்ஏ நிறுவனம் கிரேடு செய்த முதல் கார்டே புகழ்பெற்ற ஹோனஸ் வாக்னர் கார்டு, எட்டு மதிப்பெண். அதன் ஓரங்களை வெட்டிச் சீராக்கியவன் தானே என்று 2013-ல் வழக்கில் ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ ஒத்துக்கொண்டார்.

பிரிக்காத பழைய பாக்கெட் ஒன்று கிடைத்தது. உள்ளே பபுள்கம் அப்படியே இருக்கிறது. வாயில் போடலாமா?
— ம., சான் ஹோசே

கூடாது. நான் போட்டேன். அப்பளம் மாதிரி நொறுங்கியது, தித்திப்பே இல்லை. மறுநாள் காபியிலும் அட்டை வாசனை அடித்தது.